முட்டைப் பந்தும் தேயிலை மலையும்: மலையக றக்பி கிளப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலவாக்கலையிலிருந்து நானுஓயா பக்கம் போகிறவர்கள் ரதல்ல மைதானத்தைக் கண்டால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "இந்த மலைக்குள்ள இவ்வளவு பெரிய சமதரை எப்படி வந்துச்சு?" டிக்கோயா தரவளைக்குப் போனாலும் அதே கேள்வி. நான் முப்பது வருடம் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன். என் தாத்தா ஒரு துரைமார் கிளப் மைதானத்தில் வேலை செய்தவர் (துரை என்றால் தோட்டத்தை நடத்தும் அதிகாரி, அந்தக் காலத்தில் வெள்ளைக்காரர்). மாணவர்களும், லீவுக்கு வரும் கொழும்புச் சொந்தக்காரர்களும், வெளிநாட்டிலிருந்து போனில் கேட்கும் மருமக்களுமாக இந்த விஷயத்தில் என்னைக் கேட்டவை ஏராளம். அவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சில பதில்கள் நீண்டுவிட்டன, பொறுத்துக்கொள்ளுங்கள்.

றக்பி என்பதா, ரகர் என்பதா?

பத்திரிகையில் றக்பி. வாய்ப்பேச்சில் ரகர். கண்டியில் பஸ்ஸில் ஏறி "ரகர் மெச் இருக்கா?" என்று கேட்டால்தான் உடனே பதில் வரும். எங்கள் வீட்டில் தாத்தா கடைசிவரை "முட்டப்பந்து" என்றுதான் சொன்னார். கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற பந்தை ஏன் 'ஃபுட்போல்' என்கிறார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. எனக்கும்தான்.

மலையகத்தில் எந்தெந்த கிளப்புகள் றக்பி ஆடின?

பெரிய பெயர்கள் நான்கு. கண்டி ஸ்போர்ட்ஸ் கிளப், 1874இல் தொடங்கியது. ரதல்லயில் மைதானம் வைத்திருக்கும் திம்புள்ள அத்லெட்டிக் அண்ட் கிரிக்கெட் கிளப். தரவளையில் இருக்கும் டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கிளப். பதுளைப் பக்கம் ஊவா. இவற்றோடு களனி வெலி கிளப்பையும் சேர்த்துச் சொல்வார்கள். அது மலை அடிவாரம், ரப்பர் தோட்டத்துரைமாருடையது. குளிர் இல்லாவிட்டாலும் குணம் ஒன்றுதான்.

பெயர்களைக் கவனியுங்கள். திம்புள்ளைக்கும் டிக்கோயாவுக்கும் பெயரிலேயே கிரிக்கெட் இருக்கிறது, றக்பி இல்லை. முதலில் கிரிக்கெட்டும் டெனிஸும் வந்தன. றக்பி பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஆனாலும் மழைக்காலத்தில் கிளப்பை உயிரோடு வைத்திருந்தது அதுதான்.

இலங்கையில் இந்த விளையாட்டு எப்போது தொடங்கியது?

1879இல் கொழும்பு ஃபுட்போல் கிளப் உருவானது. அதே வருடம் ஜூலையில் முதல் ஆட்டம் நடந்தது. இங்கிலாந்தில் றக்பி யூனியன் அமைந்தது 1871இல் என்பதால், எட்டே வருடத்தில் பந்து கப்பல் ஏறி வந்துவிட்டது. இலங்கை றக்பி யூனியன் 1908இல் அமைந்தது.

துரைமாருக்கு இந்த விளையாட்டில் அப்படி என்ன பைத்தியம்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டார். 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இருபது வருடத்துக்குள் கோப்பி மலை எல்லாம் தேயிலை மலையாக மாறியது. தேயிலைக்கு வருடம் முழுவதும் வேலை, அதனால் வருடம் முழுவதும் ஆள், வருடம் முழுவதும் மேற்பார்வை. ஸ்கொட்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் இருபது, இருபத்திரண்டு வயதுப் பையன்களைச் சின்னத்துரையாக, அதாவது பெரியதுரைக்கு உதவி அதிகாரியாக, கொண்டுவந்து மலைக்கு ஒருவராக வைத்தார்கள். பலர் றக்பி ஆடும் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள். இங்கே வந்தால் பேச ஆளில்லை. பங்களாவில் வேலைக்கு அப்பு இருப்பான், சமையலுக்குக் கோக்கி இருப்பான், நாய் இருக்கும். பெரியதுரை சம்மதிக்காமல் கல்யாணமும் முடியாது. விடியக் காலை பிரட்டு (ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது), பொழுதுபட்டால் கணக்குப் புத்தகம், வெளியே மூடுபனி.

அப்படிப்பட்டவனுக்குச் சனிக்கிழமை கிளப்புக்குப் போவது மூச்சுவிடப் போவது மாதிரி. அங்கே பதினைந்து பேர் சேர்ந்தால் ஓர் அணி. ஒரு தோட்டத்தில் வெள்ளைக்காரர்கள் இரண்டோ மூன்றோ பேர்தான், அவர்களிலும் பெரியதுரைக்கு வயதாகியிருக்கும். ஆகவே ஓர் அணி திரள வேண்டுமானால் பத்துப் பன்னிரண்டு தோட்டங்கள் கைகோக்க வேண்டும். கிளப்புகளுக்கு ஊர்ப்பெயர் இல்லாமல் 'திம்புள்ள', 'டிக்கோயா', 'ஊவா' என்று தோட்டப் பிரதேசங்களின் பெயர் இருப்பது அதனால்தான். ஹட்டன் டவுனுக்கும் தலவாக்கலை டவுனுக்கும் அந்த அணிகளோடு எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. டவுனில் கடை வைத்திருந்தவர்களுக்கு மைதானம் எங்கே இருக்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருந்தது. ஆட்டத்தில் சின்னத்துரை பெரியதுரையை மண்ணில் விழுத்தலாம். வாரத்தின் மற்ற ஆறு நாளும் அப்படி நினைத்தும் பார்க்க முடியாது.

மைதானத்தை யார் வெட்டினார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கமே என்று சொல்லலாம்.

கிளப்புக்குள் போனால் சுவரில் பலகைகள் இருக்கும். பொன் எழுத்தில் கெப்டன்மார் பெயர், வருடம். மைதானத்தை வெட்டியவர்களின் பெயரை நான் எந்தப் பலகையிலும் பார்த்ததில்லை. வெட்டியது எங்கள் ஆட்கள். தமிழ்நாட்டிலிருந்து மாத்தளை வழியாக நடந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும்.

மலையில் மைதானம் என்றால் சரிவின் மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் நிரப்ப வேண்டும். வெட்டிய பக்கம் இறுகிக் கிடக்கும், நிரப்பிய பக்கம் மழைக்கு இறங்கும். நிரப்பிய பக்கத்தைக் கல் அடுக்கிக் கட்ட வேண்டும். அடுத்தது தண்ணீர். இங்கே மைதானத்தைக் கெடுப்பது வெயில் இல்லை, தேங்கும் தண்ணீர். அதற்கு வழி தோட்டத்துக்காரனுக்குத் தெரியும்: கான், அதாவது வடிகால். தேயிலை மலையில் மண் கழுவிப்போகாமல் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டுவார்கள். கான் அதிகம் சரிந்தால் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். சரிவு போதாவிட்டால் தேங்கி உடையும். இடையில் குழிகள் வெட்டி மண்ணைத் தங்கவைக்க வேண்டும். கருவி எதுவும் இல்லாமல் கண்ணாலேயே மட்டம் பார்க்கும் கான்வெட்டுக்காரர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் இருந்தார்கள். அதே கைதான் மைதானத்துக் கானையும் வெட்டியது.

என் தாத்தா அப்படிப்பட்டவர். எந்த கிளப் என்று எழுதப்போவதில்லை. அவருக்கு நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன், அதனால்.

வாரத்தில் நான்கு நாள் தோட்டத்து மலையில் வேலை, இரண்டு நாள் மைதானத்தில். புல் வெட்டுவது, எட்டுப் பேர் சேர்ந்து ரோலர் இழுப்பது, சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போடுவது, டேர்பன்டைன் மரத்தில் செதுக்கிய கோல் கம்பத்தை நிமிர்த்துவது. மைதானத்தில் செய்த வேலைக்கும் செக்ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், பேர் விழும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஒரு பேர் என்றால் ஒரு நாள் கூலி. ஒரு மாதம் மழை ஓயவே இல்லை. மெச் நடந்த சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போய், தேங்கிய தண்ணீரைச் சாக்கால் ஒற்றி எடுத்தார். ஆட்டம் முடிந்து கம்பத்தைக் கழற்றி வைத்துவிட்டு இருட்டில் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, வந்தார். மாதக் கடைசியில் பார்த்தால் அன்றைக்கு அரைப்பேர்தான். கேட்டதற்கு, மத்தியானத்துக்குப் பிறகு அவர் விளையாட்டுத்தானே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பதில் வந்ததாம்.

தாத்தா இதைக் கோபமாகச் சொன்னதில்லை, சிரித்துக்கொண்டேதான் சொல்வார். "அரப்பேருக்கு நல்ல ஆட்டம்டா அது" என்பார். கோபம் எனக்குத்தான்.

மழையில் எப்படி ஆடினார்கள்?

மழையில்தான் ஆடினார்கள். கிரிக்கெட்டுக்கு வெயில் மாதங்கள், றக்பிக்கு வருடத்தின் நடுப்பகுதி. அதுதான் மேற்கு மலைச்சரிவில் தென்மேல் பருவமழை கொட்டும் காலம். ஹட்டனுக்குக் கீழே வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்யும். நாட்டிலேயே அதிகம் நனையும் இடங்களில் அது ஒன்று.

தோல் பந்து தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்துவிடும், பாஸ் எறிந்தால் கை வழுக்கும். ஆகவே மலை அணிகளின் ஆட்டம் தானாகவே ஃபோர்வேட்களின், அதாவது முன்னால் நின்று முட்டும் ஆட்களின், ஆட்டமானது. ஸ்க்ரமில், இரு அணியும் குனிந்து தோள் கோத்து, முட்டித் தள்ளுவது, பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு கூட்டமாக ஓடுவது. கொழும்பு அணிகள் காய்ந்த தரையில் பந்தை விரித்து ஆடிப் பழகியவை, மேலே வந்தால் திணறும். மலை அணி கீழே இறங்கினால் வெக்கையில் கடைசி இருபது நிமிடம் நாக்குத் தள்ளும்.

மூடுபனி இறங்கினால் எதிர்ப்பக்கக் கோல் கம்பம் தெரியாது. பந்து டச்சுக்கு, பக்கக் கோட்டுக்கு வெளியே, போய்த் தேயிலைக்குள் விழுந்தால் தேடி எடுத்துவர எங்கள் பையன்கள் நிற்பார்கள். பிறகு அட்டை. ஸ்க்ரமில் தலை மாட்டியிருக்கும்போது காலில் அட்டை ஏறினால் உதறவும் முடியாது. பாதி நேரத்தில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துக்கொள்வார்களாம்.

ஊவா மட்டும் வேறு உலகம். மேற்கே கொட்டும் அதே மாதங்களில் அங்கே கச்சான் காற்று, காய்ந்த தரை, விழுந்தால் முழங்கால் தோல் போகும். பதுளைக்கு ஆடப் போன திம்புள்ளைக்காரர் ஒரே மலைத்தொடருக்குள் காலநிலை மாறிப்போவதைக் கண்டிருப்பார்.

அந்தக் காலத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எப்படிப் போனார்கள்?

ரயில், குதிரை, கால்நடை. பிறகு மோட்டார் சைக்கிள், கார். கொழும்பு–கண்டி ரயில் 1867இல் வந்தது. நாவலப்பிட்டிக்கு 1874, ஹட்டனுக்கு 1884, நானுஓயாவுக்கு 1885, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924. முதலில் கோப்பியும் பிறகு தேயிலைப் பெட்டியும் இறக்கப் போட்ட பாதை இது. அதே பாதையில்தான் டிக்கோயாக்காரரும் திம்புள்ளைக்காரரும் பேராதனைச் சந்தியில் மாறிக் கண்டிக்கு ஆடப் போனார்கள். 1924 வரைக்கும் பதுளைக்காரர்கள் ரயிலைப் பிடிப்பதற்கே பண்டாரவளைவரை ரோட்டால் வர வேண்டியிருந்தது. ஊவாக்காரருக்கு ஒரு மெச் என்றால் அது இரண்டு மூன்று நாள் காரியம்.

கண்டிப் பள்ளிக்கூடங்கள் இதில் எங்கே வருகின்றன?

நடுவில் வருகின்றன. கண்டியில் பிறந்த பறங்கியரான எல். ஈ. பிளேஸ் கல்கத்தாவிலும் லாகூரிலும் படிப்பித்துவிட்டு ஊர் திரும்பி, 1891இல் 11 பையன்களோடு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். அதுதான் பின்னால் கிங்ஸ்வூட் கல்லூரி ஆனது. தொடங்கிய வருடமே பையன்களுக்கு றக்பியும் சொல்லிக்கொடுத்தார். இந்த நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் றக்பி நுழைந்தது அப்படித்தான். துரைமார் கிளப்புக்கு வெளியே, இந்த மண்ணின் பிள்ளைகள் கைக்கு அந்தப் பந்து வந்த நாளும் அதுவே என்பேன்.

டிரினிட்டி கல்லூரியில் ஏ. ஜி. ஃபிரேசர் அதிபராக இருந்தபோது, 1906 ஓகஸ்டில், கிங்ஸ்வூட்டும் டிரினிட்டியும் மோதின. இலங்கையில் பள்ளிக்கூடங்களுக்கு இடையில் நடந்த முதல் றக்பி ஆட்டம் அது. 6–6 என்று சமநிலையில் முடிந்தது. 1920இல் டிரினிட்டி கொழும்பு ரோயல் கல்லூரியோடு ஆடத் தொடங்கியது. 1945இலிருந்து அந்தப் போட்டிக்கு, ரோயல் அதிபராக இருந்த பிராட்பியின் பெயரில் கேடயம். கண்டியில் ஒன்று, கொழும்பில் ஒன்று என்று இரண்டு ஆட்டம். பிராட்பி வாரத்தில் கண்டியில் ரூம் தேடிப் பாருங்கள், அப்போது விளங்கும்.

6–6 எப்படி வரும்? ஒரு ட்ரைக்கு 5 புள்ளி அல்லவா?

ட்ரை என்றால் எதிர்ப்பக்கக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது. அதற்கு இப்போது 5. அப்போது 3. 1971இல் 4 ஆனது, 1992இல் 5. பழைய ஸ்கோர்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய 6 என்பது சின்ன எண்ணிக்கை இல்லை.

'அமெச்சூர்' கிளப் என்றால் என்ன?

ஆடுகிறவனுக்குக் காசு இல்லை. றக்பி யூனியன் உலகம் முழுவதும் 1995 வரைக்கும் அப்படித்தான் இருந்தது. காசு வாங்கியவனோடு சேர்ந்து ஆடினாலே தள்ளிவைக்கும் அளவுக்கு ஒரு காலத்தில் கண்டிப்பு இருந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1907இல் இலங்கை என்ற பெயரில் முதன்முதலாக இறங்கிய அணி கொழும்பில் எதிர்கொண்டது, இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கப்பலிலிருந்து இறங்கிய நியூசிலாந்துத் தொழில்முறை அணியை. இங்குள்ள கனவான்கள் காசுக்கு ஆடுகிறவர்களோடு ஆடி 33–6 என்று தோற்றார்கள்.

மலையகத்தில் 'அமெச்சூர்' என்ற சொல்லுக்கு இன்னோர் அர்த்தமும் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் வேலையை விட்டுவர முடிந்தவன், பூட்ஸ் வாங்க முடிந்தவன், கை முறிந்தால் ஒரு மாதம் சம்பளத்தோடு படுத்திருக்க முடிந்தவன். கொழுந்துக் கூடை சுமக்கிறவர்கள் அமெச்சூர் ஆக முடியாது.

பெரிய வெளிநாட்டு அணிகள் வந்தனவா?

வந்தன. இலங்கை கப்பல் பாதையில் இருந்த பலன் அது. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து போய்த் திரும்பும் அணிகள் கொழும்பில் கப்பல் நிற்கும்போது இறங்கி ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போகும். 1950இல் பிரிட்டிஷ் தீவுகள் அணி அப்படி ஆடி 44–6 என்று வென்றது. 1955இல் நியூசிலாந்து இளையோர் அணி அவுஸ்திரேலியாவோடு இலங்கைக்கும் சேர்த்தே சுற்றுப்பயணம் வந்தது. பின்னாளில் உலகமே பேசிய கொலின் மீட்ஸ் அதில் ஓர் இளைஞன்.

அந்தக் காலத்து இலங்கை அணிகளில் தோட்டத்துரைமாருக்கு நல்ல இடம் இருந்தது. உள்நாட்டில் மலைநாடு – தாழ்நாடு என்று பிரிந்து ஆடிய போட்டிதான் பெரிய போட்டி. ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்: 1948இல் எங்கள் ஆட்களின் குடியுரிமை போனது, 1949இல் வாக்கும் போனது. 1950இல் இலங்கை அணி பிரிட்டிஷ் தீவுகளோடு மோதியபோது, மலைநாட்டு மைதானங்களுக்கு ரோலர் இழுத்தவர்கள் பெரும்பாலோர் எந்த நாட்டுக்காரரும் இல்லை.

தமிழர்கள் ஆடினார்களா?

எந்தத் தமிழர் என்று கேட்க வேண்டும். துரைமார் கிளப்புகள் வெகுகாலம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான். கொழும்பில் அந்தக் கதவு திறக்காததால்தான் 1922இல் உள்நாட்டவர்கள் சி.ஆர். அண்ட் எஃப்.சி. என்ற கிளப்பைத் தாங்களே தொடங்கினார்கள். ரோயல், டிரினிட்டி மாதிரிக் கல்லூரிகளில் படித்த தமிழ்ப் பிள்ளைகள் சிங்களவர், முஸ்லிம்கள், பறங்கியரோடு சேர்ந்து ஆடினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட கல்லூரிகளிலிருந்து உள்நாட்டவர்கள் சின்னத்துரையாக வந்தபோது மலை கிளப்புகளின் நிறமும் மாறத் தொடங்கியது.

லயத்துத் தமிழன் ஆடினானா என்றால், மைதானத்துக்கு வெளியே ஆடினான். துரைமார் தூக்கிப்போட்ட கிழிந்த பந்துக்குள் வைக்கோலைத் திணித்துப் பிரட்டுக்களத்தில் ஆடியதாக என் அப்பா சொல்வார். விதி ஒன்றும் தெரியாது. பிடித்துக்கொண்டு ஓடுவது, விழுத்துவது. இருட்டுகிறவரை ஆடிவிட்டு, சட்டையைக் கிழித்ததற்கு வீட்டில் அடி வாங்குவது.

ரகர் ஆடினால் தோட்டத்தில் துரை வேலை கிடைக்குமாமே, உண்மையா?

எழுதப்பட்ட விதி கிடையாது. ஆனால் மலையகத்தில் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்கள். பெரிய கல்லூரி, றக்பி கலர்ஸ் (விளையாட்டில் சிறந்தவனுக்குக் கல்லூரி தரும் விருது), நல்ல இங்கிலீஷ் மூன்றும் இருந்தால் க்ரீப்பராக, அதாவது பயிற்சித் துரையாக, சேர்வது லேசு என்பது பல தலைமுறைப் பேச்சு. குளிரிலும் மழையிலும் மலை ஏறி இறங்க உடம்பு வேண்டும், ஆட்களை நடத்தத் தெரிய வேண்டும், அதை விளையாட்டு கற்றுக்கொடுக்கும் என்பது அவர்கள் சொல்லும் நியாயம். கங்காணி மகன் பத்து வயதிலிருந்து மலை ஏறி இறங்குகிறான். அவனுக்கு யாரும் கலர்ஸ் கொடுக்கவில்லை.

துரைமார் கிளப்புகளின் அணிகள் ஏன் மங்கின?

1972 காணிச் சீர்திருத்தம், 1975இல் கம்பெனித் தோட்டங்களும் அரசாங்கத்தின் கைக்குப் போனது. அதற்கு முன்பே வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தார்கள். சிறு தோட்டங்களைச் சேர்த்து நிர்வகித்ததில் துரைமார் எண்ணிக்கையும் குறைந்தது. பத்துத் தோட்டத்தில் பதினைந்து ஆட்டக்காரர் என்று மேலே கணக்குச் சொன்னேன். பத்துத் தோட்டத்தில் ஏழு பேர் என்று ஆனால் அணி எங்கே வரும்? 1992இல் தோட்ட நிர்வாகம் மறுபடி கம்பெனிகளிடம் போனபோதும் அந்தப் பழைய சனிக்கிழமை திரும்பவில்லை.

இது பாதிக் காரணம். மீதிப் பாதி என் சொந்தக் கருத்து. துரை போனால் ஆட வேறு ஆள் இல்லாத மாதிரியே அந்த கிளப்புகள் கட்டப்பட்டிருந்தன. மைதானத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான இளைஞர்கள், மலை ஏறிய கால்கள், கூடை சுமந்த தோள்கள். ஒரு பந்தை உள்ளேயிருந்து எறிந்திருந்தால் போதும்.

அப்படியானால் கண்டி மட்டும் எப்படி நின்றது?

கண்டியைச் சுற்றிப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. கிங்ஸ்வூட்டும் டிரினிட்டியும் போட்ட விதை மற்றப் பள்ளிக்கூடங்களுக்கும் பரவியது. வெள்ளைக்காரன் போனபோது அந்த இடத்தில் நிற்க ஊர்ப் பிள்ளைகள் தயாராக இருந்தார்கள். அப்படியிருந்தும் நாட்டின் கிளப்புகள் மோதும் கிளிஃபர்ட் கிண்ணத்தைக் கண்டி ஸ்போர்ட்ஸ் கிளப் முதன்முதலாக வென்றது 1992இல்தான். கிளப் தொடங்கி 118 வருடம் கழித்து. அந்தக் கிண்ணத்தின் பெயர், கொலனி காலத்தில் இங்கே தேசாதிபதியாகவும் இருந்த ஹியூ கிளிஃபர்டின் குடும்பத்தோடு சேர்ந்தது. வென்ற பிறகு கண்டி நிற்கவில்லை, அடுத்த இருபது வருடத்தில் லீக்கும் கிண்ணமுமாக வாரிக்கொண்டது. கண்டியின் நித்தவல மைதானத்தில் கொழும்பு கிளப்புகள் ஆட வந்தால் பக்கத்து மரத்திலும் ஆள் இருக்கும். 1999 முதல் சில வருடங்கள் கண்டி போகம்பரையில், அணிக்கு ஏழு பேர் ஆடும் சர்வதேச செவன்ஸ் போட்டியும் நடந்தது.

கிங்ஸ்வூட்டில் படித்து, கண்டிக்கு ஆடி, இலங்கை அணிக்குத் தலைவராகவும் இருந்த ஃபாசில் மரிஜாவைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க முடியாது. ஆளைப் பார்த்தால் றக்பிக்காரர் என்று சொல்லமாட்டீர்கள். பந்து கைக்கு வந்ததும் எதிர் அணியில் மூன்று பேர் மூன்று திசையில் ஓடுவார்கள்.

நாவலப்பிட்டியிலும் ஓர் அணி இருந்ததா?

ஆம். அப் கண்ட்ரி லயன்ஸ் என்ற அணி 2010களில் நாவலப்பிட்டியை இடமாகக் கொண்டு முதல்தர லீக்கில் சில பருவங்கள் ஆடியது. நிலைக்கவில்லை. ஆனால் அது டவுன் அணி, தோட்டப் பிரதேசத்தின் பெயரில் வந்த துரைமார் அணி இல்லை. நாவலப்பிட்டிக் கடைவீதியில் மீன் விற்கிறவரும் அன்று ஸ்கோர் சொன்னார். எனக்கு அது பிடித்திருந்தது.

தோட்டப் பள்ளிக்கூடங்களில் றக்பி கொண்டுவர முடியாதா?

முடியும். பதினைந்து பேருக்கு இடமும் சாமானும் இல்லாவிட்டால் செவன்ஸ் இருக்கிறது: ஏழு பேர், பாதிக்கு ஏழு நிமிடம். விழுத்தாமல் தொட்டாலே போதும் என்ற டச் றக்பிக்கு ஒரு பந்து மட்டும் போதும், பொம்பளைப் பிள்ளைகளும் கூடவே ஆடலாம். முட்டுக்கட்டை எங்கே என்றால், எங்கள் பள்ளிக்கூடங்கள் பலவற்றுக்கு வொலிபோல் கோட்டுக்கு மேல் சமதரை கிடையாது. பிறகு, விழுந்து அடிபட்டால் ஆஸ்பத்திரி தூரம் என்ற அம்மாமாரின் பயம். அது நியாயமான பயம். கழுத்து அடிபடாமல் எப்படி விழுவது, எப்படி டேக்கிள் பண்ணுவது என்று தெரிந்த ஒருவர் சொல்லிக்கொடுக்காமல் ஸ்க்ரம் போட விடவே கூடாது. நான் படிப்பித்த காலத்தில் டச் றக்பியோடு நிறுத்திக்கொண்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஓடிய ஓட்டத்தை இன்னும் மறக்கவில்லை. வேலிவரை ஓடிவிட்டு, "சேர், இதுக்கு மேல இடமில்ல" என்று திரும்பி வந்தாள்.

அந்த மைதானங்களைப் பார்க்கப் போகலாமா?

போகலாம். ரதல்ல என்றே ஒரு சின்ன ரயில் நிலையம் உண்டு, கிரேட் வெஸ்டர்னுக்கும் நானுஓயாவுக்கும் நடுவில். எல்லா ரயிலும் நிற்காது, தலவாக்கலையிலோ நானுஓயாவிலோ இறங்கி ஓட்டோ பிடிப்பது லேசு. தரவளைக்கு ஹட்டனிலிருந்து டிக்கோயாப் பக்கம் போகும் பஸ் எல்லாம் சரி. இரண்டும் தனியார் கிளப், கேட்டில் வாச்சரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உள்ளே போங்கள். வருடத்தின் நடுவில் போவதானால் குடையும் ஸ்வெட்டரும், காலுக்குத் தேய்க்க ஒரு துண்டு சவர்க்காரமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மழை விட்டு அரைமணி நேரத்துக்குள் போய்ப் பாருங்கள். மைதானத்தில் தண்ணீர் நிற்காது. டச் கோட்டைத் தாண்டி, தேயிலை தொடங்கும் இடத்தில் கொஞ்சம் நின்றால், கான் ஓடும் சத்தம் கேட்கும்.